நாற்பது கழிந்த தோல்

மக்பாலுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம் கழுத்து சிவக்கும், அதற்கப்புறம்தான் வாய் திறக்கும். அல்மாட்டியில் அவள் வேலை பார்த்த லேபில் இது எல்லாருக்கும் தெரியும். காது சிவந்ததுமே ஆளாளுக்கு ஏதோ ஒரு வேலை ஞாபகம் வந்து நழுவிவிடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் யாருக்கும் நழுவ நேரம் கிடைக்கவில்லை. காதும் கழுத்தும் வாயும் ஒன்றாகவே திறந்துகொண்டன.

அவள் வேலை தோல் வளர்ப்பது. மனிதத் தோல்தான். சட்டைப் பொத்தான் அகலத்துக்கு ஒவ்வொரு துண்டும் இருக்கும். தோல் வளர்ப்பது இப்போது பெரிய அதிசயமில்லை, எத்தனையோ ஊர்களில் வளர்க்கிறார்கள். கிரீம், சோப்பு, மை எல்லாவற்றையும் முயல் மேல் பூசிப் பார்க்காமல் அதன் மேல் பூசிப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தத் தோலில் ரத்தக் குழாய் கிடையாது. மேல்தோல் இருக்கும், அடித்தோல் இருக்கும், அதோடு சரி. பிசைந்த மாவைத் தட்டி வைத்த மாதிரி இருக்கும். அதன் தலையில் எதைக் கொட்டினாலும் ரொம்ப நேரம் சும்மாவே கிடக்கும். நம் தோல் அப்படியா? எதையாவது தப்பாகப் பூசினால் அடியில் ஓடும் குழாய்களெல்லாம் பதறிப்போய் வீங்கி, கசிந்து, முகத்தைப் பலகாரம் மாதிரி உப்ப வைத்துவிடாதா?

மக்பால் வளர்த்த தோலில் குழாய் இருந்தது. தலைமுடியை விட மெல்லிசாக, சிவப்பு நூலை உதறிப் போட்ட மாதிரி கிளை கிளையாக ஓடும். ஒரு சின்ன பம்ப் ரோஜா நிறத்தில் ஒரு சத்துத் தண்ணீரை அதற்குள் சதா தள்ளிக்கொண்டே இருக்கும். தோலுக்கான செல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். பையன்களுக்குச் சுன்னத் செய்து வீட்டில் விருந்து வைப்பார்கள் இல்லையா, அந்தக் கிளினிக்கில் வெட்டி எடுக்கிற சின்னத் துண்டுதான். பெற்றவர்கள் சம்மதித்தால் ஐஸ் பெட்டியில் வைத்து வாங்கி வருவார்கள். குழாய்க்கான செல் பிரசவ ஆஸ்பத்திரியில் தொப்புள்கொடியிலிருந்து வரும். வாங்கி வருவது உல்போசின். லேபில் உதவியாளர், மக்பாலை விடப் பத்து வயது பெரியவள், வாயாடி.

"ஊரே குதிரைக்கறி தின்னுட்டு ஆடும், எனக்கு மட்டும் பெட்டியில ஒரு துணுக்கு. என் தலையெழுத்தப் பாரு!" என்பாள், ஒவ்வொரு தடவையும்.

அந்த உல்போசினுக்கு அய்ஸாதா என்று ஒரு மகள். அந்த வசந்தத்தில் கல்யாணம். பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து அனுப்பி வைக்கும் விருந்துக்கு மண்டபம் பேசி, பாட்டுக்காரனைப் பேசி, எல்லாம் ஆயிற்று. வெயில் ஏற ஏற அய்ஸாதாவின் கன்னத்தில் புள்ளி புள்ளியாக வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மணப்பெண் புள்ளியோடு எப்படி நிற்பாள் என்று சிநேகிதிகள் பஜாரில் ஒரு கிரீம் வாங்கிக் கொடுத்தார்கள். வெள்ளைக் குப்பி, தங்க மூடி. அந்த வருஷம் கல்யாணம் ஆகிற பெண் எல்லாம் அதைத்தான் பூசினாள். முதல் வாரம் கன்னம் பளபளவென்று ஆனது. அப்புறம் வீங்கியது. வீக்கம் வடிந்தபோது இரண்டு கன்னத்திலும் சிலந்தி வலை பின்னின மாதிரி சிவப்புக் கோடுகள். அவை போகவே இல்லை. அவள் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டாள். விருந்தைத் தள்ளி வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தான், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போன் வருவது குறைந்துபோயிற்று.

இவளைப் போல இன்னும் பதினைந்து இருபது பெண்கள். கம்பெனிக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? நாங்கள் தோலில் சோதித்துவிட்டோம், ஒன்றுமில்லை, பெண்கள் ஏதாவது ஒவ்வாததைத் தின்றிருப்பார்கள் என்றான். அவன் சோதித்தது அந்த மாவுத் தோலில். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

அந்தக் கிரீமுக்கான அனுமதி அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிக்கலாமா வேண்டாமா என்று செவ்வாய்க்கிழமை ஒரு கமிட்டி கூடுகிறது. அந்தக் கமிட்டிதான் மக்பாலிடம் கேட்டிருந்தது: உன் ரத்தக் குழாய்த் தோலில் பூசிப் பார்த்து என்ன ஆகிறது என்று வந்து சொல். கிரீமை வெள்ளிக்கிழமை பூச வேண்டும். குழாய் கசிகிறதா என்று திங்கட்கிழமைக்குள் தெரிந்துவிடும். நாட்டில் வேறு யாரிடமும் அப்படித் தோல் கிடையாது. மக்பாலிடமும் அந்த ஒரு தொகுதிதான் தயாராக இருந்தது.

இனி இயக்குநர் துலேகென் அகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்; வயதில் பெரிய ஆணை அங்கே அகா என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்ட மனிதர் என்று சொன்னால் அபாண்டம். காசு வாங்க மாட்டார், யாரையும் கெடுக்க மாட்டார். வயசானவர், விருந்தாளி என்றால் உயிர். அவர் வீட்டுக்கு யார் வந்தாலும் ஆடு விழும். லேபுக்கு யார் வந்தாலும், "வாங்க, உயிரோட இருக்கற தோலைக் காட்டறேன்" என்று கூட்டிக்கொண்டு வந்து நிற்பார். மந்திரி ஆபீஸ்காரர், பள்ளிக்கூடச் சிநேகிதர், பல் டாக்டர், எல்லாரையும்.

மக்பால் என்ன செய்ய வேண்டும்? திறக்கக்கூடாது அகா என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்பா வயசு மனிதரிடம் விருந்தாளி முன்னால் அப்படிச் சொல்லி யாருக்குப் பழக்கம்? அவள் சிரித்துக்கொண்டே சொல்லுவாள்:

"இன்னும் பச்சைக் குழந்தை அகா. நாப்பது கழியட்டுமே."

பிறந்த குழந்தையை நாற்பது நாள் கழியாமல் வெளி ஆள் கண்ணில் காட்ட மாட்டார்கள் அல்லவா. விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அகாவும் சிரிப்பார். "ஆமா ஆமா, நம்ம குழந்தைக்குக் கண்ணு பட்டுடும்" என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார். உல்போசின்கூட தோல் வளர்கிற இன்குபேட்டர் பெட்டியின் கதவில் ஒரு நீலப் பாசிமணியைக் கட்டித் தொங்கவிட்டாள். அத்தனை பேருக்கும் அந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று.

அகா மட்டும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கமிட்டி ஆள் முத்திரை போட்ட கிரீம் குப்பிகளைக் கொண்டுவந்தான். கையெழுத்துப் போட்டு வாங்க மக்பால் கீழே இறங்கிப் போனாள். உல்போசின் உள்ளறையில் கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்தாள், தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மக்பால் திரும்பி மாடி ஏறும்போதே நடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பொம்பளைச் சிரிப்பு. லேப் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

உள்ளே நாலு பேர். அகா. அகாவின் சம்பந்தி ஜுமாபாய், அதாவது மகனுக்குப் பெண் கொடுத்தவர், கம்பளித் தொப்பியோடு. அவர் மனைவி. மனைவியின் தங்கை. எல்லாரும் தெருவில் நடந்த செருப்போடு. இன்குபேட்டர் திறந்திருந்தது. தட்டு வெளியே மேஜை மேல் இருந்தது. நன்றாகத் தெரியட்டும் என்று அகா எல்லா மூடியையும் எடுத்து வரிசையாகப் பக்கத்தில் வைத்திருந்தார், பலகாரப் பாத்திரத்து மூடிகளை எடுத்து வைக்கிற மாதிரி.

"இந்தா, இந்த சிவப்பு நூலு இருக்கே, அதுக்குள்ள ஓடுது பாருங்க சம்பந்தி. கிட்ட வாங்க. இன்னும் கிட்ட வாங்க."

"அடேயப்பா! ஓடுதே! உசுரோட இருக்குடா இது!" சம்பந்தி தொப்பியை எடுத்துவிட்டுக் குனிந்தார். மூக்கு தட்டில் படாத குறை. அவர் கண் கலங்கியிருந்தது, நிஜமாகவே. "என் கண்ணே பட்டுடப் போவுது. த்தூ, த்தூ, த்தூ!"

"த்தூ த்தூ! நல்லா இருக்கட்டும்," என்றாள் மனைவி, அவளும் குனிந்து.

"த்தூ! மகராசனா வளரட்டும்," என்றாள் தங்கை. அவளுக்குக் கொஞ்சம் சளி வேறு.

அப்போதுதான் மக்பால் வாயைத் திறந்தாள்.

"துப்பாதீங்க! அய்யோ, துப்பாதீங்க! நகருங்க அங்கேர்ந்து!"

பெரியவர் திடுக்கிட்டு நிமிர்ந்ததில் தொப்பி தரையில் விழுந்தது.

"மக்பால்! யாருகிட்ட பேசற தெரியுதா?" என்றார் அகா.

"தெரியுது அகா! மூடி எங்க? மூடியக் குடுங்க! யாரு உங்கள இதத் திறக்கச் சொன்னது?"

"நீதான சொன்ன! நாப்பது கழியட்டும்னு. நேத்தோட கழிஞ்சிடுச்சு. நான் எண்ணிக்கிட்டுத்தான இருந்தேன்!"

இதைக் கேட்டதும் மக்பாலுக்கு ஆத்திரம் வந்தது பாருங்கள்.

"அது வேடிக்கைக்குச் சொன்னது! வேணாம்னு சொல்ற இடத்துல சொன்னது! இது குழந்தையா? இதுக்கு உடம்பு இருக்கா, எதிர்த்து நிக்க? ஒரு துளி எச்சில் பட்டா செத்துப்போகும். மூணு பேரு துப்பியிருக்கீங்க. மூணு பேரு! வெளிய போங்க எல்லாரும்!"

"அம்மாடி, நாங்க நல்லதுக்குத்தான்..." என்றாள் சம்பந்தியின் மனைவி.

"நல்லதுக்குத்தாம்மா எல்லாரும் கொல்றீங்க!"

உல்போசின் கை நிறைய நுரையோடு உள்ளறையிலிருந்து ஓடி வந்து நின்றாள். மேஜையைப் பார்த்தாள், மூடிகளைப் பார்த்தாள். சம்பந்தி தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். தலையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே போனார். அது இன்னும் மோசம். அந்தப் பக்கத்தில் அத்தனை வயசானவர் வெறுந்தலையோடு ஒரு வீட்டை விட்டுப் போனால், அவமானப்படுத்தி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

அவர்கள் போனதும் இரண்டு பெண்களும் முகமூடி போட்டு, கையுறை போட்டு, ஒவ்வொரு துண்டையும் கழுவினார்கள். தண்ணீரை மாற்றினார்கள், பம்பின் குழாயை மாற்றினார்கள். எல்லாத் துண்டுக்கும் ஒரே தண்ணீர்தான் சுற்றி ஓடுகிறது. ஒன்றில் கெட்டது புகுந்தால் எல்லாவற்றுக்கும் போய்விடும். மக்பாலுக்கு இது தெரியும். ஆனாலும் கழுவினாள்.

அகா திரும்பி வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை, அந்த மட்டுக்கும் பயம்.

"கொஞ்சம் ஆன்டிபயாடிக் விட்டுடேன். அதுக்குத்தான மருந்து இருக்கு?"

"விட்டா கிருமி சாகலாம். குழாயும் மருந்துல ஆடிப்போகும். அப்புறம் கசிஞ்சா கிரீமால கசிஞ்சுதா, மருந்தால கசிஞ்சுதா, உங்க சம்பந்தி எச்சிலால கசிஞ்சுதா? கம்பெனி வக்கீல் கேப்பான். நீங்க வந்து பதில் சொல்றீங்களா?"

அகா தாடையைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் தண்ணீரின் ரோஜா நிறம் போயிருந்தது. பழைய டீ மாதிரி ஒரு மஞ்சள். கலங்கலாக, நூல் நூலாக ஏதோ மிதந்தது. சிவப்புக் கிளைகள் எல்லாம் உதிர்ந்து சேறாகக் கிடந்தன. பம்ப் மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் தள்ளிக்கொண்டே இருந்தது. உல்போசின்தான் அதை நிறுத்தினாள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அபாய், என்னைத் திட்டுங்க," என்றாள் மக்பால். தன்னை விடப் பெரியவளை அப்படித்தான் கூப்பிடுவாள். "அந்த நாப்பது பேச்சு என் வாயிலேர்ந்துதான் வந்துது."

"நானுந்தான மணியக் கட்டினேன். சிரிச்சேன்." உல்போசின் கையுறையைக் கழற்றித் தரையில் எறிந்தாள். "வேணாம்னு சொல்ல வாய் வரல நமக்கு. ரெண்டு பேருக்கும் வரல. என் பொண்ணுகிட்ட நான் என்னடி சொல்லுவேன்? ஒரு கிழவன் ஆசீர்வாதம் பண்ணிட்டான், அதனால உன் மூஞ்சிக்கு நியாயம் இல்லன்னா?"

உறைய வைத்த செல் இன்னும் இருந்தது. மறுபடி வளர்க்கலாம். ஆனால் வளர ஆறு வாரம் ஆகும், கமிட்டி செவ்வாய்க்கிழமை கூடும்.

திங்கட்கிழமை அகா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பால் விட்ட டீ, பொரித்த மாவுருண்டை, உலர்ந்த பாதாமி எல்லாம் எடுத்து வைத்திருந்தார். டீயை அரைக் கிண்ணம்தான் ஊற்றினார். அரைக் கிண்ணம் ஊற்றினால் இன்னும் உட்கார், அடுத்ததும் ஊற்றுவேன் என்று அர்த்தம். மக்பால் தொடவில்லை.

"நாளைக்குக் கமிட்டியில நான்தான் முதல்ல பேசுவேன்," என்றார். "முறை நல்ல முறை, ஆனா இன்னும் பக்குவப்படல, தோல் தானாவே கெட்டுப்போச்சுன்னு சொல்லிடறேன். நீ தலைய ஆட்டினா போதும்."

"தானாவேயா?"

"பின்ன? சபையில நின்னு, என் சம்பந்தி துப்பினாருன்னு சொல்லச் சொல்றியா? அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல என்ன நடந்துது தெரியுமா உனக்கு? பெரிய விருந்தாளிக்குன்னு வெக்கற ஆட்டுத்தலைய அவரு முன்னால வெச்சேன். தொடல! ஒரு காதக்கூட அறுக்கல. என் மருமக சமையக்கட்டுல நின்னு அழுதா. ரெண்டு குடும்பம் மக்பால், ரெண்டு குடும்பம்!"

"முறை பக்குவப்படலன்னு நீங்க சொன்னா, கமிட்டி பழைய சோதனைய எடுத்துக்கும். கிரீமுக்கு அனுமதி குடுத்துடும். இன்னும் மூணு வருஷம் விப்பான்."

"அது அவங்க முடிவு. நமக்கென்ன?"

"அகா, அவன்கிட்ட ஏதாவது வாங்கினீங்களா?"

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "என்னப் பாத்தா கேக்கற? இந்த நாப்பது வருஷத்துல ஒருத்தன் கையிலேர்ந்து ஒரு சாக்லெட் பெட்டி வாங்கியிருப்பேனா?"

வாங்கவில்லை. அது மக்பாலுக்கும் தெரியும். அதனால்தான் அவளுக்குக் காது கொதித்தது. காசு வாங்கிக்கொண்டு கெடுக்கிறவனைத் திட்ட வார்த்தை இருக்கிறது. இவரை என்ன சொல்லித் திட்டுவது? ஒரு ஆட்டுத்தலைக்காக இத்தனை பெண்களின் முகத்தைக் கைகழுவுகிற மனிதர், நல்ல மனிதர், டீயை அரைக் கிண்ணம் ஊற்றித் தருகிற மனிதர்.

"அய்ஸாதா கண்ணாடிய மூடி வெச்சிருக்கா அகா. அவ பிறந்தப்ப நீங்க வெள்ளிக் கரண்டி குடுத்தீங்களாம். அபாய் சொல்லுவாங்க."

"எனக்கும் வருத்தந்தான். ஆனா போனது போயிடுச்சு. மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல? வெக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு. யாருக்குங்கறதுதான் தெரியல," என்று எழுந்து வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி அறையில் நீள மேஜை. நடுவில் தலைவி கலம்காஸ், ஒட்ட வெட்டின நரைத்த முடி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் யாரையும் பார்ப்பாள். ஒரு பக்கம் கம்பெனியின் வக்கீல், சின்ன வயசு, பளபளக்கிற ஷூ. பின்வரிசையில் உல்போசின். அகா எழுந்து சொன்னபடியே சொன்னார். நல்ல முறை, பக்குவப்படவில்லை, தானாகவே கெட்டது, எதிர்காலத்தில் பார்க்கலாம். குரல் அழகாக இருந்தது. வக்கீல் தலையசைத்துத் தலையசைத்துக் கேட்டான்.

"அப்ப முடிவு செய்யப் புதுசா எதுவும் இல்ல?" என்றாள் தலைவி, பேனாவை எடுத்து.

"இருக்கு," என்றாள் மக்பால்.

அகா அவள் கையைப் பிடித்தார், சின்னப் பிள்ளையை உட்கார வைக்கிற மாதிரி. அவள் கையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"தானா கெடல. வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்க இயக்குநர் விருந்தாளிங்களைக் கூட்டிட்டு வந்து இன்குபேட்டரைத் திறந்தாரு. எல்லா மூடியும் எடுத்தாரு. வந்தவங்க கண்ணு படக்கூடாதுன்னு அது மேல துப்பினாங்க. மறுநாள் அழுகிப்போச்சு."

அறையில் ஒருத்தன் களுக்கென்று சிரித்துவிட்டான். வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தான்.

"அம்மா, மன்னிக்கணும். ஒருத்தர் துப்பினதுக்கே செத்துப்போற தோலை நம்பி எங்க கிரீமைத் தடுக்கணுமா? இதா விஞ்ஞானம்?"

"ஆமா, இதான்," என்றாள் மக்பால். கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது, ஆனால் குரல் ஏறவில்லை. "உள்ள ரத்தக் குழாய் இருக்கற உசுருள்ள சதை, நோயை எதிர்க்க ஒரு உடம்பு இல்லாம தனியா கிடக்கு. அதுல எச்சில் பட்டா சாகும். உங்க தோல் மேல பத்து பேரு துப்பினாலும் நீங்க துடைச்சிட்டுப் போயிடுவீங்க, ஏன்னா உங்களுக்கு உடம்பு இருக்கு. நீங்க சோதிச்ச தோல்ல குழாயே கிடையாது. கசியறதுக்கு அதுல என்ன இருக்கு? இந்தப் பொண்ணுங்களுக்குக் கசிஞ்சது குழாய். குழாயே இல்லாத எடத்துல கசியலன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. கதவே இல்லாத சுவத்துக்குப் பூட்டு நல்லா இருக்குன்னு சொல்ற மாதிரி."

"தோல் செத்ததுக்குக் கிரீம் காரணமில்லையே?"

"இல்ல. கிரீமை இன்னும் பூசவே இல்ல. கசியுதுன்னு நான் சொல்லல. கசியலன்னு நீங்களும் சொல்ல முடியாது. அது யாருக்கும் தெரியாது. தெரியாததுக்கு அனுமதி குடுக்காதீங்க, அவ்வளவுதான் கேக்கறேன்."

தலைவி மூக்குக் கண்ணாடிக்கு மேலே அகாவைப் பார்த்தாள். "துலேகென் அகா, இது நடந்துதா?"

அகா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், சற்றுமுன் சொன்ன ஒரு பொய்யே அவருக்கு அதிகம் போலிருக்கிறது.

"நடந்துது," என்றார்.

தலைவி பேனாவைக் கீழே வைத்தாள். புதிதாகச் சோதித்து முடிவு வரும்வரை அனுமதியை நீட்டிக்க முடியாது என்றாள். மாதம் முடிந்ததும் விற்கக்கூடாது. வக்கீல் எழுந்து ஏதேதோ சொன்னான், அவள் கேட்கவில்லை. "அடுத்த தடவ யாராவது திறந்தா, தோலோட சேத்து உங்களையும் கேள்வி கேப்பேன்," என்று மக்பாலிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள்.

நடையில் அகா நின்றார். கோட்டைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். இவள் வந்ததும் திரும்பினார்.

"என் சம்பந்தியச் சபையில இழுத்துட்டியே."

"அவரு பேர நான் சொல்லல அகா. உங்க பேரத்தான் சொன்னேன்."

"எல்லாருக்கும் தெரியும், அன்னைக்கு யாரு வந்தாங்கன்னு. நான் இனி எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அந்த வீட்டுக்குப் போறது?"

"எந்த மூஞ்சியா? உங்க மூஞ்சி நல்லாத்தான இருக்கு!" என்றாள் உல்போசின் பின்னாலிருந்து. அத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் குரல் உயர்த்தினது அதுதான் முதல் தடவை. "சுத்தமா, கோடு இல்லாம, பளிச்சுனு இருக்கு! போங்க, எங்க வேணா போங்க! என் பொண்ணு பால் வாங்கக்கூட வெளிய போக மாட்டேங்கறா!"

அகா கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். அப்புறம் மாதக்கணக்கில் அவர் மக்பாலிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மனைவி போன் செய்து வெட்கமில்லாதவள் என்றாள். கான்டீனில் இரண்டு மூன்று பேர் இவள் வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். பெரியவரைச் சபையில் வைத்துக் கேட்டவள் என்ற பெயர் சீக்கிரம் போகாது.

அன்று லேபுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில் உல்போசின் மகளுக்குப் போன் போட்டாள். பக்கத்தில் இருந்த மக்பாலுக்கும் நன்றாகக் கேட்டது, அய்ஸாதாவின் குரல் மெல்லிசாக இருந்தாலும்.

"அப்ப கிரீம்தான்னு நிரூபிச்சாச்சா அம்மா?"

"இல்ல கண்ணு. இன்னும் இல்ல. ஆனா விக்க முடியாது."

"பஜார்ல இன்னும் விக்கறாங்களே. இப்பதான் என் சிநேகிதி ஷினார் போட்டோ அனுப்பினா. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இனாமாம். மாசம் முடியறதுக்குள்ள தள்ளிவிடறாங்க."

உல்போசின் போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். மக்பால் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள், பிடுங்கிவிடுகிறவள் மாதிரி.

லேபுக்கு வந்ததும் மக்பால் உறைநிலைத் தொட்டியைத் திறந்து, புகை பறக்கப் பறக்க சின்னக் குப்பிகளை எடுத்தாள். சுன்னத் துணுக்கிலிருந்து ஒன்று, தொப்புள்கொடியிலிருந்து ஒன்று. வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டி உருக வைத்து, தாமதிக்காமல் தட்டில் ஊற்ற வேண்டும். சீராக ஊற்ற வேண்டும். கை ஆடினால் செல் ஒரே மூலையில் குவிந்து போய்விடும், பரவாது. அவள் கை ஆடியது. எடுத்தாள், வைத்தாள். மூச்சை இழுத்துவிட்டு மறுபடி எடுத்தாள். ஆடியது.

"ஒண்ணுக்கு ஒண்ணு இனாமாம்!" என்றாள் முகமூடிக்குள்ளிருந்து. "இனாமா! அந்த வக்கீல் பயலோட ஷூவப் பாத்தீங்களா அபாய்? பூசிக்கட்டுமே, அவன் மூஞ்சில பூசிக்கட்டுமே ஒரு வாரம்!"

"கைய எடு," என்றாள் உல்போசின்.

"அவரு நாள் எண்ணியிருக்காரு! உக்காந்து எண்ணியிருக்காரு! வேலையில ஒரு தேதி ஞாபகம் இருக்காது அந்த மனுஷனுக்கு..."

"கைய எடுன்னு சொல்றேன்ல. குப்பிய இங்க குடு." உல்போசின் அவளை இடுப்பால் இடித்து நகர்த்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். குப்பியை வாங்கித் தண்ணீரில் மெதுவாகச் சுழற்றினாள். அவள் கை ஆடவே இல்லை. "நீ பின்னால நின்னு திட்டிட்டே இரு. ஒருத்தரையும் விடாத. நான் ஊத்தறேன்."

மக்பால் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். கதவைத் தாழ் போட்டாள். அகாவிலிருந்து ஆரம்பித்தாள்.